மூலையின் சூடு

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒரு காலத்தில் ஒரு காகிதத்தின் அடியில் அவர் பெயரும் என் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அந்தக் காகிதத்துக்கு நான் செய்த காரியத்துக்குப் பிறகு, அவரைக் கேட்காமல் இன்னொரு காகிதத்தில் அவர் பெயரைப் போட எனக்கு முகமில்லை.

எனக்கு எழுபத்து நான்கு வயது. எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. என் வீட்டிலிருந்து சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்கு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அடி. மழை பெய்து குட்டை கட்டியிருந்தால் இன்னும் இருபத்தாறு. கதவைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டு நாலாவது தடவை இழுக்கத் திரும்பி வருவேன். "பூட்டு தேஞ்சிடப் போவுது" என்று என் மனைவி இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரிய தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தாறு வருஷம் ஆய்வுப் பிரிவில் இருந்தேன். மற்றவர்கள் செய்த வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் எண்ணுவதற்கு எதுவும் மிச்சமில்லை. அப்போதுதான் ஊருக்குள்ளேயே ஒரு சின்னக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். தங்கச் சுரங்கங்கள் மூடிய பிறகு சும்மா கிடந்த தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ரிப்போர்ட்டுகளின் அடியில் "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் என் கையெழுத்து. அதுவே போதுமாக இருந்தது.

அங்கே செய்தது ஒரு வினோதமான மெஷின். ஓர் இரும்புக் கம்பியின் மேல் அலுமினியக் குழாயை மாட்டி, அதை ஒரு செம்புச் சுருளுக்கு நடுவே நுழைப்பார்கள்; அதைத்தான் காயில் என்பார்கள். பக்கத்துப் பெட்டியில் பன்னிரண்டு கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும். பொத்தானை அழுத்தினால் சேர்த்ததெல்லாம் ஒரே மூச்சில் காயிலுக்குள் பாயும். 'டப்' என்று ஒரு சத்தம். குழாய் கம்பியோடு இறுகிப் பிடித்திருக்கும். எதுவும் அதைத் தொட்டிருக்காது, காந்தம் மட்டும் நசுக்கியிருக்கும். எல்லாம் முடிய ஒரு கண் இமைப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது.

அந்த நேரத்துக்குள் செம்புக்குள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் அந்த அம்மாவின் வேலை.

அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது இருக்கும். இந்த ஊர்க்காரர், கிறிஸ்தவக் குடும்பம். கணவர் தினமும் ரயிலில் பெங்களூர் போய் வருகிறவர். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர், இலவசமாகக் கிடைக்கும் ஒரு புரோகிராமை இறக்கி வைத்துக்கொண்டு தானாகவே இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டார்.

நான் சேர்ந்த முதல் நாள், ஓனர் எனக்கு மெஷினைச் சுற்றிக் காட்டினார். முடிந்ததும் என் வழக்கப்படி ஒப்பித்தேன். "காயில்ல அஞ்சு சுத்து, ஆறு போல்ட், பன்னெண்டு கெப்பாசிட்டர்."

மூலையிலிருந்த கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ரெண்டு தடவ எண்ணினீங்களா சார்?"

"மூணு தடவம்மா."

"அப்ப நமக்கு ஒத்துப்போவும்."

ஒத்துத்தான் போயிற்று, நான் கெடுக்கும்வரை.

அவருடைய கணக்கை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்வார். ஒவ்வொரு துண்டிலும் காந்தப்புலம் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் சொல்லும். "கரண்ட் இவ்ளோதான்னு நாம முன்னாடியே சொல்லிட முடியாது சார்" என்பார். "கெப்பாசிட்டர் தள்ளுது. காயில் அதத் தடுக்குது. செம்புக்குள்ள காந்தம் ஏற ஏற அந்தத் தடுப்பும் மாறுது. புருஷன் பொண்டாட்டி மாதிரி, ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணும். ஒருத்தர மட்டும் கேட்டுட்டு தீர்ப்பு சொன்னா தப்பாப் பூடும்."

செம்புக்குள் கரண்ட் ஏன் ஒரே சீராக ஓடாது என்று நான் கேட்டபோது சொன்னது இது. "சொரங்கத்துல ஷிஃப்ட் விட்டதும் கேஜ் கதவத் தொறந்தா எல்லாரும் வாசல்லயே நெருக்குவாங்க இல்ல? உள்ள எடம் காலியா கெடக்கும். அந்த மாதிரி மொதல்ல கரண்ட் ஓரத்துலயே நெருக்கும் சார். அர மில்லிமீட்டர். உள்ள போறதுக்கு டைம் வேணும். ஆனா அதுக்குள்ள எல்லாமே முடிஞ்சி பூடும்."

கணக்கு ஒரு தடவை முடிந்தால் எங்களுக்கெல்லாம் முடிந்தது. அவருக்கு அப்போதுதான் ஆரம்பம். நேரத் துண்டைப் பாதியாக்கி முதலிலிருந்து போடுவார். விடை மாறினால், அதிலும் பாதி. விடை மாறாமல் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால்தான் "நின்னுச்சு சார்" என்பார். மாறிக்கொண்டே இருந்தால் "நிக்கல." இந்த இரண்டு வார்த்தையைத் தவிர வேறு எந்த வார்த்தையிலும் அவர் ஒரு கணக்கைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஓனர் கிண்டல் செய்வார். அவர் பங்காருபேட்டைக்காரர், வீட்டில் தெலுங்கு, வெளியில் நாலு பாஷை. "இன்னாம்மா, சாம்பார்லயும் பாதி பாதியாத்தான் உப்பு போடுவியா?"

"ஆமா சார். மொதல்ல பாதி. அப்பறம் அதுல பாதி. எங்க வீட்ல கரிக்குதுன்னு இதுவரைக்கும் யாரும் எழுந்து போனதில்ல."

மெஷினை ஓட்டுகிற தாஸ் விடமாட்டான். முப்பத்தைந்து வயது, எதற்கும் சிரிக்கிற வாய். "அக்கா, மாமா தாலி கட்றப்பவும் பாதியில நிறுத்திப் பாத்தியா?"

"நிறுத்திப் பாத்திருந்தா உங்க மாமாவ எதுக்குடா கட்டியிருப்பேன்?"

தாஸுக்குப் புரை ஏறிவிட்டது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். அவருடைய அப்பா சுரங்க வாயிலில் மணி அடிக்கிறவராக இருந்தாராம். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கேஜில் ஆள் ஏறியதும் இவர் இத்தனை மணி என்று அடிக்க வேண்டும். தூரத்தில் எஞ்சின் ரூமில் இருப்பவர் அதே எண்ணிக்கையைத் திருப்பி அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கேஜ் நகரும். "எங்கப்பாவுக்கு அவர் அடிக்கிற மணி மேல நம்பிக்க கெடையாது சார். திரும்பி வர்ற மணி மேலதான் நம்பிக்க. நாம அடிச்சது சரின்னு நமக்கு எப்படித் தெரியும்? இன்னொருத்தர் அடிக்கணும்."

பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். "இங்க எனக்குத் திருப்பி அடிக்கிறவர் நீங்கதான்."

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அது ஒரு வேலை என்று எனக்கு உறைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை நான் போனபோது, சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: "போன மாதம் நான் சொன்னது தப்பு." கேபிள் இணைப்பில் இருக்கும் தடையைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்ததாம். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருக்கவும் மாட்டார்கள். எனக்கு அவருக்காகக் கூச்சமாக இருந்தது. "அழிச்சிடும்மா, வெளியாளுங்க வருவாங்க" என்றேன்.

"அதுக்குத்தான் சார் பெருசா எழுதினேன்."

இரண்டு வாரம் அது அங்கேயே இருந்தது. கணக்கைத் திருத்தி, அது நின்ற பிறகு, அவரே துணியை நனைத்து ஒரு தடவையும், நனைக்காமல் ஒரு தடவையும் துடைத்தார். முப்பத்தாறு வருஷ உத்தியோகத்தில் "நான் சொன்னது தப்பு" என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று அன்று எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

கடைசியாக வந்தது ஒரு பெரிய ஆர்டர். பருமனான குழாய், அதற்கேற்ற புதுக் காயில். செம்புக் கட்டியிலிருந்து வெட்டி எடுத்தது. உள்விளிம்பு கத்தி மாதிரி கூராக இருந்தது. அவர் பதினொரு நாள் கணக்குப் போட்டார். மொத்தக் கரண்ட் இரண்டாவது தடவையிலேயே நின்றுவிட்டது. தாஸும் அவருமாக மெல்லிய கம்பியைப் பேனாவின் மேல் சுற்றிக் குட்டிக் காயில் ஒன்று செய்து, மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து, பாதி வோல்ட்டில் கரண்டை அளந்தும் பார்த்தார்கள். திரையில் அளந்த கோடும் கணக்கின் கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டன. தாஸ் விசில் அடித்தான். ஓனர் எல்லாருக்கும் பப்ஸ் வாங்கி வரச் சொன்னார். ஒன்பது பப்ஸ்.

அந்த அம்மா பப்ஸைக் கையில் வைத்துக்கொண்டே திரையின் வேறு ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இன்னாம்மா? அதான் நின்னுச்சே" என்றேன்.

"கரண்ட் நின்னுச்சு சார். மூலையோட சூடு நிக்கல."

காயிலின் அந்தக் கூரான உள்மூலையில் கரண்ட் நெருக்கிக்கொண்டு ஓடுகிறது. அங்கே சூடு முதல் கணக்கில் நூற்று நாற்பது டிகிரி. பாதியாக்கினால் நூற்று அறுபத்து மூன்று. அதிலும் பாதியாக்கினால் நூற்று எண்பத்தொன்று. அது ஏறிக்கொண்டே இருந்தது. உண்மையில் எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை.

"கடுகளவு இடம்" என்றேன். "மொத்தம் சரியா வந்திருக்கு. அளந்தும் பாத்தாச்சு."

"மொத்தம் சரியா இருந்தா மூல சரியா இருக்கும்னு எங்க சார் எழுதியிருக்கு?"

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதினார். அந்த மூன்று வரியை இன்றைக்கும் அப்படியே சொல்வேன்.

மொத்தக் கரண்ட் நின்றுவிட்டது. உள்மூலையின் சூடு இன்னும் நிற்கவில்லை. அது நிற்கும்வரை பாதி வோல்ட்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

அடுத்த நாள் அவருடைய அக்கா மகளுக்குக் கோயிலில் முதல் நற்கருணை விசேஷம். இரண்டு நாள் லீவில் போனார். போகும்போது வாசலில் நின்று, "வந்து இன்னும் ரெண்டு தடவ பாதியாக்கிப் பாக்கறேன் சார்" என்றார்.

மறுநாள் காலை ஓனர் வந்து, ஆர்டர் கொடுத்தவர்கள் வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார்கள், ரிப்போர்ட் ரெடியா என்று கேட்டார். "ரெடி" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. ஆய்வுப் பிரிவில் பழகிய வாய்.

ஓனர் போன பிறகு ரிப்போர்ட்டைத் திறந்தேன். அந்த மூன்று வரியும் முதல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. அதற்கு நேர் கீழே என் கையெழுத்து வர வேண்டும். "நிற்கவில்லை" என்று சொல்லும் ஒரு காகிதத்தில் "சரிபார்த்தவர்" என்று எப்படிப் போடுவது? முப்பத்தாறு வருஷத்தில் மிச்சம் வைத்த காகிதம் ஒன்றில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. அதுதான் என் பெருமை. எனக்கு வேறு காரணம் எதுவும் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் கேட்கக்கூட இல்லை. பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மூன்று வரியையும் அழித்தேன். அவருடைய ஃபைலிலேயே அழித்து, அதிலேயே சேமித்தேன். அச்செடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். நான்கு பிரதி.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று மறுநாள் தாஸ் மெஷினைத் தயார் செய்தான். என்னிடம் வந்து கேட்டான். "சாரு, ஃபுல் வோல்ட்டு ஏத்தலாமா? அக்கா ஏதாச்சும் சொல்லிச்சா?"

"ரிப்போர்ட்ல இருக்கறதுதான்பா" என்றேன். பிறகு மனசு உறுத்தி, "கொஞ்சம் பாத்து ஏத்து" என்றேன்.

"பாத்துன்னா எவ்ளோ சார்?"

எல்லாவற்றுக்கும் எண் வைத்திருக்கும் நான் அதற்கு ஓர் எண் சொல்லவில்லை.

பதினாறு அடி, பதினாறு 'டப்', நன்றாக விழுந்தது. என் மேஜையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழாவது அடியின் சத்தம் வேறாக இருந்தது. பாறை பூமிக்கடியில் வெடித்தால் இந்த ஊரில் தரை ஒரு தடவை தூக்கிப் போடுமே, அந்த மாதிரி. பக்கத்து டீக்கடையிலிருந்த கிழவர்கள் பழைய நினைப்பில் சுரங்கம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்களாம். கொட்டகைக்குள் காயிலின் உள்மூலை விரிசல் விட்டு, செம்பு ஒரு துண்டு தெறித்து, மேலே மூடியிருந்த பிளாஸ்டிக் தகட்டைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தது. தாஸ் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு அழிய நேரமில்லாமல் அப்படியே இருந்தது.

உயிருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு விரலின் நரம்பு போயிற்று. அவை இனி மடங்காது என்றார்கள்.

வெள்ளிக்கிழமை வர வேண்டியவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓனர் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த அம்மா லீவிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து வந்திருந்தார். விசேஷ வீட்டிலிருந்து கிளம்பிய புடவையிலேயே இருந்தார்.

"இன்னாம்மா" என்றார் ஓனர். கத்தவில்லை. "உப்புகூடப் பாதி பாதியா போடறவ நீ. இவ்ளோ சூடாவும்னு ஒரு வார்த்த எழுதியிருக்கக் கூடாதா?"

"எழுதினேன் சார். மொதல் பக்கத்துல."

ஓனர் ரிப்போர்ட்டைத் தள்ளினார். அந்த அம்மா முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே வெறும் வெள்ளை. எழுந்து வெளியே போய்த் தன் கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அதிலும் இல்லை.

என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"சார், நீங்க படிக்கறப்போ அது இருந்துச்சா? மூலையப் பத்தி மூணு வரி."

ஓனரின் ஜன்னலில் கண்ணாடிப் பட்டைகள் பதினாலு. அதில் ஒன்று உடைந்து, அட்டை வைத்து ஒட்டியிருந்தது.

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். "சாருக்கு ஞாபகம் இல்லன்னா அது இருந்திருக்காது" என்று ஓனரிடம் சொன்னார். "மனசுல நெனச்சிருக்கேன். எழுதின மாதிரியே இருக்கு. ஆனா எழுதல போலருக்கு. என் தப்புதான் சார்."

அவர் அடித்த மணிக்கு நான் திருப்பி அடித்தது அது. தன் கையை விட என் ஞாபகத்தை நம்பினார். தன்னைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று வாழ்ந்தவரிடம் அதையே ஆயுதமாக எடுத்தேன். அந்த ஃபைல் கடைசியாக எந்த நாளில் சேமிக்கப்பட்டது என்று ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், அவர் லீவில் இருந்த நாள் அங்கே இருந்திருக்கும். உலகத்தில் எல்லாவற்றையும் பாதியாக்கிப் பார்த்தவர் என்னை மட்டும் பார்க்கவில்லை.

ஓனர் அவரைப் போகச் சொல்லவில்லை. அவராகத்தான் போனார். "இனி என் கணக்க நம்பி ஒருத்தர் ஸ்விட்ச்சு போடக் கூடாது சார்." அந்தப் பழைய வெள்ளைப் பலகையில், அதே பெரிய எழுத்தில், "நான் எழுதாமல் விட்டேன்" என்று எழுதிவிட்டுப் போனார். இந்தத் தடவை அதை வேறு யாரோ துடைத்தார்கள். நான் இல்லை. அந்தப் பலகைப் பக்கமே நான் போகவில்லை.

அதன் பிறகு பதினாலு மாதம் நான் அதே மேஜையில் இருந்தேன். புதுக் காயிலுக்கு உள்மூலையைக் கூராக விடாமல் வளைத்துச் செதுக்கினார்கள். சூடு நின்றது. அப்படிச் செதுக்கச் சொல்லி அவர் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்துச் சொன்னது நான். நல்ல யோசனை என்று ஓனர் என்னைப் பாராட்டினார்.

இதெல்லாம் நடந்து ஏழு வருஷம் ஆகிறது. கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது. தாஸ் பெங்களூரில் ஓர் அடுக்குமாடியில் லிஃப்ட் பார்த்துக்கொள்கிறான். ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் கண்டால் பேசுவான். "அக்கா வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு கேக் எடுத்துனு வருது சார். வந்து கையப் பிடிச்சி மடக்கிப் பாக்குது. நான்தான் சொல்றேன், விடுக்கா, லிஃப்ட்டு பட்டன அமுக்க ஒரு வெரலு போதும்னு."

அந்த அம்மா இப்போது பங்காருபேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறார். எனக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரைக்காகச் செவ்வாய்க்கிழமைதோறும் பங்காருபேட்டை போக வேண்டியிருக்கிறது. சாம்பியன் ரீப்ஸ் பிளாட்பாரத்தில் காலை ரயிலுக்கு நிற்கும்போது இந்த வருஷம் அவரைப் பார்க்க ஆரம்பித்தேன். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

"வாங்க சார், நல்லா இருக்கீங்களா? நல்ல வேள வந்தீங்க. இத கொஞ்சம் எண்ணுங்க."

பையிலிருந்து நூல் கட்டிய விடைத்தாள் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் வைத்து மதிப்பெண் கூட்டிப் பார்க்க எடுத்துப் போவாராம். "நாப்பத்தெட்டு இருக்கணும். வீட்ல மூணு தடவ, இங்க வந்து ரெண்டு தடவ எண்ணிட்டேன். நாப்பத்தெட்டுதான் வருது. ஆனா என் எண்ணிக்கைய நான் நம்பறதில்ல சார். அன்னிக்கே பாத்தீங்களே. எழுதினேன்னு சத்தியம் பண்ணியிருப்பேன்."

எண்ணினேன். நாற்பத்தெட்டு.

"நீங்க சொன்னா சரி" என்று கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் தோள் இறங்கி லேசாவது தெரிந்தது.

ஆறு செவ்வாய்க்கிழமை எண்ணினேன். ஆறு தடவையும் அவர் சரி. ஆறு தடவையும் 'அழித்தது நான்' என்று சொல்ல வாயெடுத்தேன். ரயில் வந்ததும் சொல்லாமல் ஏறினேன். ஒரு மனுஷியின் கையை நான் அவருக்கே அந்நியமாக்கி வைத்திருக்கிறேன். தாஸின் விரலைப் போல அதுவும் மடங்காமல் இருக்கிறது. தாஸின் விரலுக்காவது ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது.

ஆறாவது செவ்வாய் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை தாஸ் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முழுதும் கேட்டான். திட்டுவான் என்று நினைத்தேன். "நான் எவ்ளோன்னு கேட்டேனே சார்" என்றான். காபி கொண்டு வந்து வைத்த அவன் மனைவியிடம், "சாரு கெளம்பறாரு" என்றான். அந்த டம்ளரை நான் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்த மூன்று வரியையும் எழுதினேன். அடியில் "எழுதியவர்" என்று அவர் பெயர்; அந்த வரிகள் அவருடையவை என்பதால் அதற்கு மட்டும் அவரைக் கேட்கவில்லை. பக்கத்தில், "சரிபார்த்தவர்" வர வேண்டிய இடத்தில், "அழித்தவர்" என்று எழுதி என் கையெழுத்தும் அழித்த தேதியும் போட்டேன். ஓனருக்கு ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பினேன். எத்தனை பிரதி எடுத்தேன் என்பது முக்கியமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் வழக்கம் போலக் கட்டை நீட்டினார்.

"இன்னிக்கு நான் எண்ணலம்மா. இத மட்டும் படிங்க" என்று தாளைக் கொடுத்தேன்.

படித்தார். இரண்டாம் முறை படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் திருப்பி, விரலை அந்தத் தேதியின் மேல் வைத்தார்.

"நற்கருண அன்னிக்கு" என்றார்.

"ஆமாம்மா."

"தாஸுக்குத் தெரியுமா?"

"ஞாயித்துக்கெழம சொன்னேன்."

மன்னிப்பு கேட்பதற்காக நான் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்குள் ரயில் வந்துவிட்டது. வராவிட்டாலும் அவர் அதைக் கேட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஏறி, பிளாட்பாரப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் ஏறவில்லை.

ரயில் கொஞ்ச நேரம் நின்றது. தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். விடைத்தாள் கட்டை மடியில் வைத்து நூலை அவிழ்த்தார். உதடு அசைய, ஒவ்வொரு தாளாகத் தள்ளி எண்ணினார். முடித்தார். தட்டி ஓரத்தைச் சமன் செய்து, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

மறுபடி அவிழ்ப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். ரயில் நகர்ந்தது.